ஈறு நோயில் துத்தநாகம்

நாட்பட்ட ஈறு நோய்க்குத் துணைமருந்தாகப் பயன்படுவனவும் ஆராயப்படுவனவுமான துத்தநாகச் சேர்மங்களில் ஆக்சைடு, சிட்ரேட், குளோரைடு ஆகியவை முக்கியமானவை. மயிலாப்பூர்ப் பெரியவர்கள் இன்னமும் 'பயோரியா' என்று சொல்லும் இந்நோயில், பல்லோரம் படியும் நுண்ணுயிர்ப் படலம் ஈற்றை வீங்கவைத்து, நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பையே அரிக்கிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி வயதுவந்தோரில் ஏறத்தாழ 19 சதவீதம் பேருக்கு இதன் கடுமையான வடிவம் உண்டு.

தியாகராய நகர்க் கடையில் பற்பசைப் பெட்டியைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'ஜிங்க் சிட்ரேட்' என்று சிலவற்றில் இருக்கும். வாய் நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் என்னும் கந்தக வாயுக்களைத் துத்தநாகம் பிடித்துக் கட்டிவிடுகிறது. படலம் வளர்வதையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. கொப்பளித்துத் துப்பிய பிறகும் எச்சிலில் கொஞ்ச நேரம் தங்குகிறது. நாற்றம் போனதும் நோயும் போயிற்று என்று எண்ணிக்கொள்வதுதான் வினை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டால் பிரஷ்ஷும் அங்கே எட்டாது, பசையும் எட்டாது. கருவியால் பற்காரையைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். 'கிளீனிங் பண்ணினால் பல் ஆடும்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. எலும்பு கரைந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் தெரியவருகிறது, அவ்வளவே.

ஈறு அறுவைக்குப் பின் புண்ணின் மேல் வைக்கும் 'பேக்' துத்தநாக ஆக்சைடு கலந்தது. 1923இல் ஏ. டபிள்யூ. வார்டு அறிமுகப்படுத்திய கலவையில் கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் சேர்ந்திருந்தது. அது சிலருக்கு எரிச்சல் தந்ததால் யூஜினால் இல்லாத வகை வந்தது. இரண்டு டியூப்களிலிருந்து சம அளவு பிதுக்கிக் குழைத்து, விரலில் வாசலின் தொட்டுத் திரிபோல் உருட்டிப் பல் வரிசையோரம் அழுத்துகிறார்கள். சுமார் ஒரு வாரம் இருக்கும். புண்ணை மூடிக் காப்பதே அதன் வேலை.

வேடிக்கை என்னவென்றால், ஈற்றுத் திசுவைச் சிதைக்கும் நம் உடலின் நொதிகளே துத்தநாகத்தை நடுவில் வைத்துத்தான் இயங்குகின்றன. 1998இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்ற 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் அந்த நொதிகளைத்தான் முடக்குகிறது.

 சித்த மருத்துவத்தின் நாக பற்பம் துத்தநாகத்தைப் புடமிட்டுச் செய்வது. அது மூல நோய்க்கே பெயர் பெற்றது, ஈறுக்கு அல்ல. பெயரில் ஒரு சிக்கலும் உண்டு: ஆயுர்வேதத்தில் 'நாக' என்றால் ஈயம், துத்தநாகம் அங்கே 'யசத'.

துத்தநாகம் மிஞ்சினால் உடலில் தாமிரம் குறைந்து நரம்பு கெடும். பல்செட் ஒட்டும் பசையை ஆண்டுக்கணக்கில் அள்ளிப் பூசியவர்களுக்கு அப்படி நேர்ந்ததை அடுத்து, 2010இல் ஒரு பெரிய நிறுவனம் தன் பசையிலிருந்து துத்தநாகத்தையே நீக்கியது.