துதிக்கை லை எங்கே போச்சு?

பைத்தானின் நிலையான நூலகத்தில் இருந்த சிஜிஐ மாட்யூலை 2022-ல், 3.11 பதிப்பில், 'இனி வேண்டாம்' என்று எச்சரித்து, 2024-ல் 3.13-ல் தூக்கிட்டாங்க. இரண்டே வருஷ அவகாசம். தமிழ் எழுத்துக்கு இதே வேலை நடக்க 43 வருஷம் ஆச்சு.

பெரியார் 1935-ல் குடிஅரசு இதழில் புது வடிவங்களை அச்சடிக்கத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது 1978 அக்டோபரில். நடுவுல ரெண்டு வெர்ஷனும் ஓடின. மாறியவை 13 எழுத்துகள்தான்: ணா, றா, னா, அவற்றின் ஒகர, ஓகார வரிசைகள், ணை, லை, ளை, னை. (அய், அவ் என்று எழுதச் சொன்னதை அரசு எடுத்துக்கல.)

யூனிகோடில் பழைய லை-க்குத் தனிக் குறியீடே கிடையாது. ல-வும் ஐகாரக் குறியும்தான். வடிவத்தை எழுத்துரு பார்த்துக்கும். நம்ம பாஷையில் சொன்னா, இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கு, இம்ப்ளிமென்டேஷன் மட்டும் மாறிடுச்சு.

சிக்கல் காகிதத்தில். ஆலங்காயத்தில் எங்க நிலப் பத்திரம் 1961-ல் கையால் எழுதியது. 'மலை', 'எல்லை' எல்லாமே துதிக்கை லை. பத்தாவது படிக்கிற மகள் செக்குபந்தி வாசிக்கையில் அங்கேயே நின்னுட்டா. புதுசை எழுதச் சொன்ன ஆணை சரிதான். பழசை வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரல. 13 எழுத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கிழக்கு எல்லையை அவளே படிச்சா: ஓடை.