செப்டிக் டேங்கில் துர்நாற்றம்: மூடியைத் திறக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வீட்டில் கழிவுநீர்த் தொட்டியின் நாற்றம் வீசினாலே, தொட்டி நிரம்பிவிட்டதாகப் பலரும் கருதுகின்றனர். பல வேளைகளில் காரணம் எளியது. நெடுநாள் பயன்படுத்தாத குளியலறையில் மட்டும் நாற்றம் எனில், வடிகால் வளைவுக் குழாயில் நிற்க வேண்டிய நீர் வற்றியிருக்கக்கூடும். ஒரு வாளி நீர் ஊற்றினால் போதும். வெளியே வீசினால், தொட்டியின் காற்றுப்போக்குக் குழாய் அடைபட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அமிலம் ஊற்றுவது வீண்வேலை; கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளே அழியும்.

நிரம்பிய தொட்டியை உறிஞ்சு லாரி கொண்டே காலி செய்ய வேண்டும், ஆளை இறக்கலாகாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். ஆதலால், நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றன்று. பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்போருக்கு, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.