வீட்டுக் கணினியில் எண்ணிமப் பூட்டுகள்: உரிமையாளரின் நிலை குறித்த ஆய்வு

1. முன்னுரை

பாட்டு, திரைப்படம், மின்னூல், விளையாட்டு முதலியவற்றை உரிமம் பெறாதோர் படியெடுக்காமல் தடுக்க வெளியீட்டாளர்கள் கையாளும் தொழில்நுட்பம் எண்ணிம உரிமை மேலாண்மை எனப்படுகிறது. சுருக்கமாக டி.ஆர்.எம். என்பர். படைத்தவருக்கு உரிய ஊதியம் சேர வேண்டும் என்பதில் இக்கட்டுரைக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்நோக்கத்துக்காக வீட்டுக் கணினிக்குள் நுழையும் பூட்டு, அக்கணினியின் உரிமையாளருக்கு என்ன செய்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. அதனால் விளையும் தீங்குகள் மூவகை: கணினியின் பாதுகாப்பு குலைதல், வாங்கிய பொருளின் ஆயுள் குறுகுதல், சட்டம் தந்த உரிமை முடங்குதல். மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என நிறுவுவது கட்டுரையின் நோக்கம்.

2. பூட்டின் இயல்பு

வழக்கமான மறைக்குறியாக்கத்தில் அனுப்புபவரும் பெறுபவரும் ஒரு பக்கம் நிற்பர். ஒளித்துவைப்பது மூன்றாமவரிடமிருந்து மட்டுமே. டி.ஆர்.எம். முறையிலோ பெறுபவரே ஐயத்துக்குரியவர். படம் அவர் திரையில் ஓட வேண்டும். ஆகவே குறியாக்கத்தைத் திறக்கும் சாவி அவர் கணினிக்குள் வந்தே தீர வேண்டும். ஆனால் அது அவர் கண்ணில் படக் கூடாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க வழி ஒன்றுதான்: கணினியின் ஒரு பகுதியை உரிமையாளருக்கே எட்டாததாக ஆக்குவது. மேற்சொன்ன வேர் இதுவே.

3. பாதுகாப்புச் சிக்கல்

இப்படி எட்டாததாக்கிய பகுதி கணினியின் பாதுகாப்பையே குலைக்கும் என்பதற்குத் தெளிவான சான்று 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் வெளியிட்ட இசைக் குறுந்தகடுகள். ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத்தொகுப்புகளில் எக்ஸ்சிபி என்னும் மென்பொருள் இருந்தது. விண்டோஸ் கணினியில் தகட்டைப் போட்டு உரிம ஒப்பந்தத்துக்கு இசைந்ததும் அது இயங்குதளத்தின் ஆழத்தில் பதிந்து தன்னை மறைத்துக்கொண்டது. மறைத்துக்கொள்வது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று கணினி வல்லுநர் மார்க் ருசினோவிச் அதை வெளிப்படுத்தினார். ஊடுருவிகள் தம் தடயத்தை மறைக்கக் கையாளும் ‘ரூட்கிட்’ நுட்பமே அது என்றும் காட்டினார். அதைக் கையால் நீக்கியபோது அவர் கணினியில் குறுந்தகட்டு இயக்கியே செயலிழந்தது.

மறைவிடம் ஒருவருக்காகக் கட்டப்பட்டாலும் பிறரும் அதில் ஒளியலாம். குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் எக்ஸ்சிபி மறைத்தது. நவம்பரிலேயே அப்பெயரைப் பூண்ட தீநிரல்கள் பரவத் தொடங்கின. நீக்குவதற்கென நிறுவனம் தந்த மென்பொருள் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டது. எந்த இணையதளமும் அதன்வழியே அக்கணினியில் தான் விரும்பிய நிரலை இயக்க முடிந்தது. இவ்வளவுக்கும் பிறகு படியெடுத்தல் நின்றதா? தகட்டைப் போடும்போது ‘ஷிப்ட்’ விசையை அழுத்திப் பிடித்தாலே மென்பொருள் தானாக ஏறாது. படியெடுக்க எண்ணியவர் தப்பினார். விலை கொடுத்து வாங்கிக் கேட்டவர் சிக்கினார். தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. 2007 சனவரியில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பழுதான கணினிக்கு 150 டாலர் வரை இழப்பீடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

4. ஆயுட் சிக்கல்

பூட்டிய படைப்பு தன்னளவில் இயங்காது. சர்வர், இயங்குதளம், சில்லு ஆகியவற்றைச் சார்ந்தே இயங்கும். இவற்றுள் எது நின்றாலும் வாங்கிய பொருளும் நின்றுபோகும்.

அ. சர்வர்: மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, 2019 சூலையில் வாசகர்களின் நூல்கள் திறக்க முடியாதவையாயின. பணம் திருப்பித் தரப்பட்டது, நூல்கள் திரும்பவில்லை.

ஆ. இயங்குதளம்: சேஃப்டிஸ்க் என்னும் பூட்டுக்கான டிரைவரைப் பாதுகாப்புக் கருதி விண்டோஸ் 10 2015-இல் கைவிட்டது. அதை நம்பிய பழைய விளையாட்டுத் தகடுகள், கீறல் ஒன்றும் இல்லாமலே, புதிய கணினிகளில் ஓட மறுத்தன.

இ. சில்லு: 4கே புளூ-ரே தகடுகளைக் கணினியில் முறைப்படி இயக்க இன்டெல் சில்லுகளில் உள்ள எஸ்ஜிஎக்ஸ் வசதி தேவைப்பட்டது. 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகளில் அவ்வசதி இல்லை. புதிய கணினி வாங்கியவர் பழைய கணினியில் பார்த்த படத்தை இழந்தார்.

5. சட்டச் சிக்கல்

அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம், சில விலக்குகள் தவிர, பூட்டை உடைப்பதையே தடை செய்கிறது. உடைத்தவர் நோக்கம் நேர்மையானதாயினும் தடை பொருந்தும். சோனி தகடுகளின் குறைகளைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் ருசினோவிச்சுக்கு முன்பே கண்டிருந்தார். இச்சட்டத்துக்கு அஞ்சி வழக்கறிஞர்களைக் கலந்ததில் வாரங்கள் கழிந்தன. அவ்வளவு காலமும் கணினிகள் காப்பின்றிக் கிடந்தன.

இந்தியச் சட்டம் இதனினும் செம்மையானது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதே குற்றம். ஈராண்டு வரை சிறை உண்டு. சட்டம் தடுக்காத செயலுக்காக உடைப்பது குற்றமாகாது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றவும் அதே சட்டம் இடம் தருகிறது. எனினும் பூட்டைத் திறந்துதரும் கடமையை வெளியீட்டாளர் மேல் அது சுமத்தவில்லை. திரைவாசிப்பானுக்கு வாய் திறக்காத மின்னூலின் முன், உரிமை ஏட்டளவில் நிற்கிறது.

6. முடிவுரை

பூட்டின்றி வணிகம் நடக்காது என்பது மெய்யன்று. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை 2009-இல் பாடல்களின் பூட்டை நீக்கிய பின்னும் பாடல்களை விற்றது. ஜிஓஜி தளம் 2008 முதல் பூட்டில்லா விளையாட்டுகளை விற்றுவருகிறது. பூட்டைக் கைவிட மனமில்லாத வெளியீட்டாளர்களையேனும் நான்கு கடமைகளுக்கு உட்படுத்துவது நெறி: கணினியில் என்ன பதிகிறது, அது எதைச் சார்ந்தது என்பதை விற்குமுன் சொல்லுதல், முழுதாக நீக்க வழி தருதல், சேவையை நிறுத்தும் நாளில் பூட்டைத் திறந்துவிடுதல், குறைகளை ஆய்ந்து வெளியிடுவோர் மீது வழக்குத் தொடராமை.

பாதுகாப்பு, ஆயுள், உரிமை என மூவிடத்தும் நேர்ந்த இழப்புக்கு, கணினி தன் உரிமையாளரை விட்டு வேறொருவர் ஆணைக்குப் பணிந்ததே காரணம். படைப்பின் உரிமை படைத்தவருடையது. கணினியின் உரிமை அதை வாங்கியவருடையது. முன்னதைக் காக்கப் பின்னதைப் பறிக்கும் எந்த ஏற்பாட்டையும் சட்டம் ஏற்கலாகாது.