பளபளப்பு மட்டும் போதாது: போருக்குப் பிந்திய அமெரிக்க செடான் கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவில் புதிய கார்களுக்குக் கடும் பற்றாக்குறை நிலவியது. 1942 பிப்ரவரியில் நிறுத்தப்பட்ட பொதுமக்களுக்கான கார் உற்பத்தி, 1945ல்தான் மீண்டும் தொடங்கியது. 1946 முதல் 1948 வரை விற்ற பெரும்பாலான கார்கள், போருக்கு முந்திய வடிவத்தில் சிறு மாற்றங்களோடு வந்தவையே. முழுக்கப் புதிதாக வடிவமைக்கப்பட்ட ஃபோர்டு கார் 1948 ஜூனில் நியூயார்க்கில் அறிமுகமானது. 1949 மாடலில் செவர்லேயும் புது உருவம் பெற்றது.

அந்தக் காலத்து நான்கு கதவு செடான் கார்கள் இன்றும் அமெரிக்காவில் சீரமைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. புதுச் சாயமும் மின்னும் குரோமியமும் பார்த்தவுடன் மனத்தைக் கவரும். ஆனால், பணத்தையும் உயிரையும் காப்பவை சாயத்துக்கு அடியில் இருப்பவைதான்.

‘சீரமைக்கப்பட்டது’ என்றால் என்ன?

இந்தச் சொல்லுக்கு விற்பவர்கள் ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள். உடற்பகுதியை அடிச்சட்டத்திலிருந்து முழுதாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் புதுப்பிப்பது ஒரு வகை. கழற்றாமலேயே சாயம் பூசி, இருக்கை உறைகளை மாற்றுவது இன்னொரு வகை. பழைய உடலுக்குள் நவீன இயந்திரத்தைப் பொருத்துவது மூன்றாவது வகை. மூன்றும் ஒரே பெயரில் விற்கப்படுவதால், எந்த வேலை எப்போது நடந்தது என்பதற்குப் பட்டறை ரசீதுகளையும் படங்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும். சாயம் பூசுவதற்கு முன் வெறும் உலோகமாக இருந்தபோது எடுத்த படங்கள் மிகவும் முக்கியம்.

செடான் வாங்குவதில் ஒரு சாதகமும் உண்டு. மடக்குக் கூரை கார்களுக்கும், 1950ல் வந்த செவர்லே பெல் ஏர் போன்ற இரண்டு கதவு ‘ஹார்ட்டாப்’ கார்களுக்கும் சேகரிப்பாளர்களிடையே கூடுதல் மதிப்பு. ஆனால், துருவை வெட்டி ஒட்டவும் இயந்திரத்தைப் புதுப்பிக்கவும் ஆகும் செலவு செடானுக்கும் ஏறக்குறைய அதேதான். அதனால், செலவழித்த தொகையைச் செடானை விற்பவரால் பெரும்பாலும் திரும்பப் பெற முடிவதில்லை. நன்றாகச் செய்து முடித்த காரை வாங்குவது, பாதி வேலையில் நிற்கும் மலிவான காரை வாங்குவதைவிடச் சிக்கனமாக அமைவது இதனால்தான்.

முதல் எதிரி துரு

சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போவது நல்லது. எஃகுத் தகட்டில் காந்தம் ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையை மாவுபோன்ற நிரப்புப் பசையால் மூடியிருந்தால் அங்கே ஒட்டாது. கதவுகளுக்குக் கீழுள்ள பட்டை, முன் சக்கரத்துக்குப் பின்னுள்ள மட்காப்பின் அடிப்பகுதி, பின்பெட்டியின் தரை, ஓட்டுநரின் கால் வைக்குமிடம் ஆகியவற்றைத் தவறாமல் சோதிக்க வேண்டும். காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், திரும்பி வந்துவிடுவதே நல்லது.

ஃபோர்டிலும் செவர்லேயிலும் உடற்பகுதி தனி, அடிச்சட்டம் தனி. 1948ல் புதுப்பிக்கப்பட்ட ஹட்சன் கார்களில் இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டவை. அத்தகைய காரில் பக்கவாட்டுச் சட்டம் துருப்பிடித்தால், காரின் எலும்பே உளுத்துவிட்டது என்று பொருள்.

இயந்திரத்தின் குணம்

செவர்லேயின் ஆறு சிலிண்டர் இயந்திரம் 1949ல் 216.5 கன அங்குல அளவும் 90 குதிரைத்திறனும் கொண்டது. அதன் இணைப்புத் தண்டுகளின் தாங்கிகள் ‘பாபிட்’ என்ற மென் உலோகத்தை வார்த்துச் செய்யப்பட்டவை. தண்டின் முனையிலுள்ள சிறு அகப்பை எண்ணெயை அள்ளித் தெளித்தே அவற்றுக்கு மசகு கிடைக்கிறது. நகரத்திலும் கிராமச் சாலையிலும் இது பல்லாண்டு உழைக்கும். இன்றைய நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டினால் தாங்காது. தாங்கியைப் புதிதாக வார்க்கத் தெரிந்த கைவினைஞர்களும் இப்போது குறைவு. 1953ல் தானியங்கிப் பற்சக்கரம் கொண்ட செவர்லே கார்களுக்கும், 1954ல் எல்லாச் செவர்லே கார்களுக்கும் முழு அழுத்த மசகு முறை வந்தது. நெடுந்தூரம் ஓட்ட நினைப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது.

ஃபோர்டின் 239 கன அங்குல ‘ஃபிளாட்ஹெட்’ வி8 இயந்திரத்தில், புகை வெளியேறும் வழி இயந்திரக் கட்டையின் ஊடாகச் செல்கிறது. அதனால் குளிர்ப்பு நீர் சீக்கிரம் சூடேறும். கட்டையில் விரிசல் விழுவதும் உண்டு. வெயில் நேரத்தில் அரை மணி நேரமாவது ஓட்டி, வெப்பமானியைக் கவனிக்க வேண்டும்.

பார்க்கப் போகும் முன் இயந்திரத்தை முடுக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுவது நல்லது. ஆறிய இயந்திரம்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அறியலாம். வெண்புகை நிற்காமல் வந்தால் குளிர்ப்பு நீர் உள்ளே கசிகிறது எனலாம்.

பழுதல்ல, இயல்புதான்

சில குணங்களைக் கண்டு பதற வேண்டியதில்லை. 1950 முதல் 1952 வரையிலான செவர்லேயின் ‘பவர்கிளைடு’ தானியங்கி முறை, ஓட்டுநர் கையால் மாற்றினாலொழிய உயர் பற்சக்கரத்திலேயே புறப்படும்; ஆகவே கார் மெதுவாகவே நகரத் தொடங்கும். அக்காலச் செவர்லேயின் மழைத் துடைப்பான் இயந்திரத்தின் வெற்றிடத்தால் இயங்குவதால், மேட்டில் ஏறும்போது வேகம் குறையும். 1954 வரை செவர்லேயும் 1955 வரை ஃபோர்டும் 6 வோல்ட் மின்சாரத்தையே பயன்படுத்தின. விளக்கு மங்கலாகத் தெரிவதும் இயந்திரம் மெல்லச் சுழன்று முடுக்கம் பெறுவதும் ஓரளவு இயல்பே. 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால், விளக்கு முதல் அளவுமானி வரை அனைத்தும் முறையாக மாற்றப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

இக்கார்களின் நான்கு சக்கர பிரேக்குகளுக்கும் எண்ணெய் ஒரே வழியில் செல்கிறது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொட்டுவிடும். கைபிரேக்கு மட்டுமே மிஞ்சும். இரண்டு தனித்தனி வழிகள் கொண்ட பிரேக்கு அமெரிக்கக் கார்களில் பொதுவானது 1967 மாடலில்தான். ஆகவே, ரப்பர் குழாய்களும் சக்கர உருளைகளும் எப்போது மாற்றப்பட்டன என்பது கேட்க வேண்டிய முதல் கேள்வி. பல உரிமையாளர்கள் இரட்டை வழி முறையைப் பொருத்திக்கொள்கிறார்கள். அசல் தன்மை சற்றுக் குறைந்தாலும் அது நியாயமான மாற்றம்.

இருக்கை வார் இருக்காது. விபத்தில் மடங்கும் திசைமாற்றித் தண்டும் இருக்காது. குடும்பத்தோடு செல்ல நினைப்பவர்கள் வார் பொருத்துவதற்கு ஆகும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டயரின் பூ தேயாமல் இருந்தாலும் வயது ஏறியிருக்கலாம். பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள், 2000க்குப் பின் தயாரித்த டயர்களில், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பழைய பிரேக்குப் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது.

பத்திரம் பொருந்துகிறதா?

இன்றைய 17 இலக்க வாகன அடையாள எண் 1981 மாடலில்தான் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முந்திய கார்களின் வரலாற்றை இணையத்தில் எண்ணைத் தட்டித் தேடுவதால் பெரும் பயன் இல்லை. காரில் உள்ள எண் தகட்டையும் உரிமைப் பத்திரத்தையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். சில மாநிலங்கள் ஒருகாலத்தில் இயந்திர எண்ணைக் கொண்டே பதிவு செய்தன. பின்னாளில் இயந்திரம் மாறியிருந்தால், பத்திரத்தில் ஓர் எண்ணும் காரில் வேறோர் எண்ணும் இருக்கும். பணம் கைமாறும் முன் இதை விற்பவரே சரிசெய்து தர வேண்டும். பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றாக இருப்பதும் கட்டாயம்.

உதிரிபாகத்தையும் முன்பே யோசிக்க வேண்டும். செவர்லேக்கும் ஃபோர்டுக்கும் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஹட்சன், பேக்கார்டு, ஸ்டுடிபேக்கர், கைசர் போன்ற மறைந்துபோன பெயர்களைத் தாங்கிய கார்களுக்கு, உடைந்த ஒரு குரோமியப் பட்டைக்காகக்கூட மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

மலேசியா, சிங்கப்பூர் சாலைகளைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இருப்பவர்கள், அமெரிக்காவில் விற்ற இக்கார்கள் இடப்பக்கத் திசைமாற்றி கொண்டவை என்பதை மறக்கக் கூடாது. வலப்பக்கத் திசைமாற்றியுடன் ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் நிறுவனம் பொருத்திய செவர்லே கார்கள் தனி வகை. இறக்குமதிக்கும் பதிவுக்கும் அனுமதி உண்டா என்பதை உரிய ஆணையத்திடம் எழுத்துமூலம் உறுதிசெய்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இத்தகைய காரை விற்பவரின் பேச்சைவிட, விற்பவரோடு தொடர்பில்லாத அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரின் அரை நாள் சோதனை நம்பகமானது. அதற்குக் கொடுக்கும் கூலி, பின்னால் வரக்கூடிய செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான்.