கஞ்சில் முதல் ஆக்சியா வரை: மலிவு விலைக் கார் உண்மையிலேயே மலிவா?

பத்து காஜாவிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ரயில் இருக்கு, பஸ் இருக்கு. ஆனா ஷிப்ட் வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்ப வேண்டும் என்றாலோ, அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றாலோ, சொந்த வாகனம் தேவைப்படுகிறது. 1980-களில் ஈயத் தொழில் சரிந்தது. ரப்பர் தோட்டங்களும் செம்பனைக்கு மாறின. தோட்டத்தை விட்டு தாமான்களில் குடியேறிய குடும்பங்களுக்கு வேலை தூரமாகிப் போனது.

எப்போது வந்தது கஞ்சில்?

நாட்டின் முதல் தேசிய கார் புரோட்டோன் சாகா, 1985-இல் வந்தது. இரண்டாவது தேசிய கார் நிறுவனமான பெரோடுவா 1993-இல் தொடங்கப்பட்டு, 1994 ஆகஸ்ட்டில் கஞ்சிலை அறிமுகப்படுத்தியது. ஜப்பானின் டைஹாட்சு மீரா காரை அடிப்படையாகக் கொண்டு சிலாங்கூர், ரவாங் அருகே தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் 660 சிசி, பிறகு 850 சிசி. 2009-இல் உற்பத்தி நிற்பதற்குள் ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றது.

பெயரே விளம்பரம்

கஞ்சில் என்றால் சருகுமான். மலாய் நாட்டுப்புறக் கதைகளில் முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடக்கும் அந்தக் குட்டி விலங்கை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 'சிறுசு, ஆனா கெட்டிக்காரன்' என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருந்தது. 'ஏழைகளின் கார்' என்று சொல்லாமலே சின்னக் காரை விற்க அது உதவியது. பின்னர் வந்த கெனாரி, கெலிசா பெயர்களும் பறவை, மீன் பெயர்களே. பிரிட்டனுக்கு 'நிப்பா' என்ற பெயரில் போனபோது, அங்கே கிடைத்த மிக மலிவான புதிய கார்களில் ஒன்று என்பதே அதன் அடையாளம்.

சாலை வரி எவ்வளவு?

தீபகற்ப மலேசியாவில் 1,000 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட் மட்டுமே. 1,300 சிசி காருக்கு 70 ரிங்கிட். கஞ்சிலும், 2007-இல் வந்த விவாவும், 2014-இல் வந்த ஆக்சியாவும் இந்த 1,000 சிசி வரம்புக்குள் அடங்கும்.

மாதத் தவணையை மட்டும் பார்க்காதீங்க

2023-இல் ஆக்சியா E ரகம் 22,000 ரிங்கிட் விலையில் வந்தது. இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். 10 விழுக்காடு முன்பணம் கட்டினால் கடன் 19,800 ரிங்கிட். நீண்டகாலமாக வழக்கத்தில் இருந்த நிலையான வட்டி முறையில், உதாரணத்துக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு என வைத்துக்கொள்வோம்:

- 5 ஆண்டுகள்: மாதம் சுமார் 380 ரிங்கிட், மொத்த வட்டி 2,970 ரிங்கிட்
- 9 ஆண்டுகள்: மாதம் சுமார் 233 ரிங்கிட், மொத்த வட்டி 5,346 ரிங்கிட்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் அந்த 233 தான். அதே காருக்கு 2,376 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். காப்புறுதி, பெட்ரோல், டயர் செலவெல்லாம் தனி. குடும்பத்தில் யாராவது உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தால், தவணை தவறும்போது அவரும் பொறுப்பு.

பழைய கஞ்சில் வாங்கலாமா?

கடைசியாகத் தயாரானதுக்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. வங்கிக் கடன் கிடைப்பது கடினம், பெரும்பாலும் ரொக்கம்தான். வாங்கும் முன் இவற்றைப் பாருங்க:

- அடிப்பகுதியில் துரு இருக்கிறதா, என்ஜின் சூடேறுகிறதா
- வாகனத்தின் மீது பாக்கிக் கடனோ, கட்டாத சம்மனோ உள்ளதா
- பரிசோதனை முடித்து, சாலைப் போக்குவரத்துத் துறையில் உங்கள் பெயருக்கு முறையாக மாற்றினீர்களா

'கையெழுத்துப் போட்ட தாளு இருக்கு, அது போதும்' என்று விட்டுவிடாதீங்க. பதிவு யார் பெயரில் இருக்கிறதோ, சம்மனும் அவர் பெயருக்கே போகும்.

இன்னொன்று: கஞ்சிலில் காற்றுப்பை கிடையாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர்கள், விலையோடு இதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.