உலகப் பிரதேசப் புவியியல்: எல்லைக்கோடுகளை வரைந்தவர்கள் யார்?

பல்கலைக்கழகத்தில் நான் பயின்ற பாடங்களுள் பத்திரிகைத் தொழிலில் எனக்கு மிகவும் கைகொடுத்தது எது என்று இளம் செய்தியாளர்கள் சிலர் கேட்பதுண்டு. அரசறிவியல் அல்லது வரலாறு என்ற பதிலையே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். உலகப் பிரதேசப் புவியியல் என்று நான் கூறும்போது அவர்களுக்கு வியப்பாக இருக்கிறது. மலைகளையும் நதிகளையும் தலைநகரங்களையும் மனனம் செய்யும் பாடம் என்றே பலரும் அதை எண்ணுகிறார்கள். உண்மையில் அது உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கும் கலை. அந்தப் பிரிப்புக்கென்று ஒரு வரலாறு உண்டு. அதனைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏ. ஜே. ஹேர்பேட்சன் என்பவர் 1905ஆம் ஆண்டில் உலகின் பெரும் இயற்கைப் பிரதேசங்கள் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நாடுகளின் அரசியல் எல்லைகளைப் புறந்தள்ளி, தரைத்தோற்றம், காலநிலை, தாவரம் ஆகியவற்றின் அடிப்படையில் உலகத்தை அவர் வகுத்தார். மத்தியதரைப் பிரதேசம், பருவக்காற்றுப் பிரதேசம், பாலைநிலப் பிரதேசம் என்று நாம் பாடசாலையில் படித்த பகுப்புகளுக்கு அடித்தளம் இட்டவர்களுள் அவர் முக்கியமானவர். பின்னர் வந்த டட்லி ஸ்ராம்ப் 1923 முதல் 1926 வரை ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஆசியாவின் பிரதேச, பொருளாதாரப் புவியியல் பற்றி 1929இல் அவர் எழுதிய நூல் பல பதிப்புகளைக் கண்டு, ஆசிய மாணவர்கள் பல தலைமுறைகளுக்குத் தமது கண்டத்தை அறிமுகம் செய்தது.

தமிழ் படித்தவர்களுக்கு ஹேர்பேட்சனின் சிந்தனை முற்றிலும் அந்நியமானதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, உணவு, தொழில் என்பன கருப்பொருள் என்றும் நமது திணைக் கோட்பாடு வகுத்திருந்தது. அது கவிதைக்கான இலக்கணமேயன்றிப் புவியியல் அன்று என்பது உண்மையே. ஆயினும், நிலத்தையும் காலத்தையும் முதலில் வைத்து மனித வாழ்வை அதன்மேல் வைத்துப் பார்க்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

ஆனால் பெரும் பகுப்புகளில் சிறிய நிலங்கள் காணாமற் போய்விடுகின்றன. பருவக்காற்று ஆசியா என்றால் கோடைகாலத்தில் மழை பெறும் நிலம் என்பது பாடநூலின் பொது விதி. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியிலேயே பெரும்பங்கு மழை பெய்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையோரமும் அவ்வாறே. தென்மேல் பருவக்காற்று எமக்குத் தருவது மழையை அன்று, புழுதியையும் வரட்சியையுமே. உலகப்படத்தில் ஒரே நிறம் தீட்டப்பட்ட பரப்புக்குள் எமது அனுபவம் விதிவிலக்காக, பல நூல்களில் அடிக்குறிப்பாக மட்டுமே இருந்தது.

இயற்கைப் பிரதேசங்களின் நிலையே இதுவென்றால், அரசியற் பிரதேசங்களைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. 'மத்திய கிழக்கு' என்ற பெயர் பரவலாவதற்கு அமெரிக்கக் கடற்படை அதிகாரி அல்ஃபிரட் மஹான் 1902இல் எழுதிய கட்டுரை ஒரு முக்கிய காரணம். பாரசீக வளைகுடாவைச் சூழ்ந்த பகுதியை ஐரோப்பியப் பேரரசுகளின் கண்கொண்டு பார்த்தே அப்பெயரை அவர் பயன்படுத்தினார். எங்கள் பெண்கள் பணிப்பெண்களாகச் சென்ற நாடுகளை இலங்கைப் பத்திரிகைகள் இன்றும் மத்திய கிழக்கு என்றே எழுதுகின்றன. கொழும்பிலிருந்து பார்த்தால் அவை அனைத்தும் மேற்கிலும் வடமேற்கிலும் உள்ளவை.

இன்னொரு உதாரணம் எமது வாசலிலேயே உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது 1943இல் நேச நாடுகள் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தை அமைத்தன. அடுத்த ஆண்டு மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறி, பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இயங்கியது. தென்கிழக்காசியா என்ற பெயர் உலகெங்கும் பரவுவதற்கு அக்கட்டளைப்பீடம் பெரிதும் காரணமாயிற்று. அன்று இலங்கை அதன் எல்லைக்குள் இருந்தது. 1985இல் சார்க் அமைப்பு உருவானபோது இலங்கை தென்னாசிய நாடாக அதில் இணைந்தது. தீவு அசையவில்லை. அதைச் சுற்றி வரையப்பட்ட கோடுதான் நகர்ந்தது.

கோடுகள் நகர்வதை மாணவனாக இருந்தபோதே கண்டேன். 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கிய பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் சோவியத் ஒன்றியத்தை ஒரே பிரதேசமாகப் படித்துக்கொண்டிருந்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 1991 டிசம்பரில் அந்த ஒன்றியம் இல்லாது போய், பதினைந்து நாடுகள் எஞ்சின. ஜிப்ரால்டர், பொஸ்பரஸ் நீரிணைகளின் கேந்திர முக்கியத்துவத்தை நாம் எழுதிப் பழகிய ஆண்டுகளில், ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளாலிக் கடனீரேரியை இரவில் படகுகளில் கடந்துகொண்டிருந்தார்கள். நீரிணை என்றால் என்ன என்பதை விளக்க எமக்குத் தேசப்படம் தேவைப்படவில்லை.

அரசுகள் மட்டுமன்றி இயற்கையும் பாடநூலை விட்டு விலகிச் சென்றது. ஏரல் கடல் உலகின் நான்காவது பெரிய ஏரி என்று படித்தோம். 1960இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பையும் விஞ்சியது அது. பருத்திச் செய்கைக்காக ஆமு தரியா, சிர் தரியா நதிகளின் நீர் திருப்பப்பட்டதால் ஏரி சுருங்கி, 1980களின் இறுதியில் இரண்டாகப் பிரிந்தது. நாம் அந்த வரியை எழுதிய காலத்திலேயே அது பழங்கதையாகிவிட்டது. 2014இல் தென் ஏரலின் கிழக்குப் பகுதி முழுமையாக வற்றியது. 2005இல் கசக்ஸ்தானில் கட்டி முடிக்கப்பட்ட அணையினால் வட ஏரலில் மட்டும் நீர்மட்டம் உயர்ந்து, மீன்பிடி ஓரளவு மீண்டது.

இப்பாடத்தின் மீதான விமர்சனம் புதியதன்று. பிரதேசங்களை ஆராய்வதே புவியியலின் மையப்பணி என்று ரிச்சர்ட் ஹார்ட்சோன் 1939இல் நிறுவ முயன்றார். 1953இல் ஃபிரெட் ஷேஃபர் அதனை மறுத்து, தனித்தன்மைகளை விவரிப்பது போதாது, பொது விதிகளைத் தேட வேண்டும் என்று வாதிட்டார். அதற்கு முன்னரே, 1948இல், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் புவியியல் கற்பிப்பதைக் கைவிட முடிவு செய்திருந்தது. பின்வந்த பல்லாண்டுகளில் புள்ளிவிபர முறைகளும் கணினியும் துறையை ஆட்கொண்டன. பிரதேசப் புவியியல் வெறும் விவரணம் என்ற பெயரெடுத்தது.

ஆயினும் அதனைக் கைவிடுவது இழப்பே என்பேன். ஒரு நாட்டில் கலவரம் என்ற செய்தி வரும்போது, அங்கு ஓடும் நதி எது, விளைவது என்ன, துறைமுகம் யாருடையது, மழை எப்போது என்று கேட்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது இப்பாடமே. சூடானின் செய்தியை நைல் நதியின்றி எழுத முடியாது. உக்ரேனின் செய்தியைக் கரிசல் நிலமும் கருங்கடற் துறைமுகங்களும் இன்றி எழுத முடியாது. புள்ளிவிபரம் தனித்து நின்று இவற்றை விளக்குவதில்லை.

இன்று தமிழர்கள் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் மெல்பேணிலும் வாழ்கிறார்கள். அங்குள்ள பிள்ளைகளிடம் பெற்றோரின் ஊரைத் தென்னாசியா என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிக் கொடுப்பது எளிது. அச்சொல்லுக்குள் மாரி மழையும் சுண்ணாம்புக்கல் நிலமும் கிணற்று நீர்ப்பாசனமும் கடனீரேரியும் தாமாகத் தெரியவரமாட்டா. அவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. தேசப்படம் ஒன்றை விரிக்கும்போது, அது எந்த ஆண்டில், எந்த ஊரில், யாருடைய தேவைக்காக வரையப்பட்டது என்று கேட்கவும் அவர்களைப் பழக்குங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பின்னர்தான் படத்திலுள்ள நிறங்களுக்கும் கோடுகளுக்கும் பொருள் விளங்கும்.