கப்பலில் கல்யாணம்: கேக்கையும் போத்தலையும் ஏற்றுவதும் இறக்குவதும்

போர் சிதறடித்த குடும்பம் ஒன்றை ஒரு மண்டபத்தில் கூட்டுவது இலகுவான காரியமல்ல. மாப்பிள்ளையின் பெற்றோர் ரொறன்ரோவில், பெண்ணின் தாய்மாமன் பாரிஸில், சித்தி சூரிச்சில், அம்மம்மா கரவெட்டியில் என்றிருந்தால், கல்யாணத்தை யாருடைய ஊரில் வைப்பது என்பதிலேயே மாதக்கணக்கில் பேச்சு ஓடும். புலம்பெயர்ந்த குடும்பங்கள் சில, தாலிகட்டைக் கோயிலில் முடித்துக்கொண்டு வரவேற்பை உல்லாசக் கப்பலில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தங்குமிடம், சாப்பாடு, மண்டபம் எல்லாம் ஓரிடத்தில் அமைந்துவிடுகின்றன. எவருடைய வீட்டின் மீதும் பாரம் விழுவதில்லை.

உல்லாசக் கப்பல் எமது கரைக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றும் அல்ல. சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' கப்பல் 2023 ஜூன் 16 அன்று பயணிகளுடன் காங்கேசன்துறைக்கு வந்தது. ஆயினும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழ்பவர்கள் இத்தகைய பயணத்துக்கு நாடுவது புளோரிடாவின் மியாமி, போர்ட் லோடர்டேல், இங்கிலாந்தின் சவுத்தாம்ரன் போன்ற துறைமுகங்களைத்தான்.

அங்கே ஏறும்போது எழும் கேள்விகள் இரண்டு. வீட்டில் செய்த கல்யாணக் கேக்கைக் கொண்டுபோகலாமா? விருந்துக்கு வாங்கிய குடிவகைகளை ஏற்றலாமா? விருந்து முடிந்தபின் அதே கேள்விகள் மறுபக்கமாகத் திரும்பி வரும். மிஞ்சியதை இறக்கலாமா, எந்த நாட்டுக்கு எவ்வளவு கொண்டுபோகலாம்? கப்பல் ஏணியைக் கடப்பது ஒரு நாட்டின் எல்லையைக் கடப்பதற்குச் சமம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் விதிகள் அனைத்தும் விளங்கிவிடும்.

வீட்டுக் கேக்கை ஏன் மறுக்கிறார்கள்?

பெரிய கப்பல் நிறுவனங்கள் வீட்டில் சமைத்த எந்த உணவையும் ஏற்றுவதற்கு அனுமதிப்பதில்லை. தொழிற்சாலையில் பொதி செய்யப்பட்டு, உறை பிரிக்கப்படாமல், குளிரூட்டி தேவைப்படாமல் இருக்கும் பிஸ்கட், இனிப்பு போன்றவற்றைச் சிறிய அளவில் அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு. வீட்டுக் கேக் அந்த வகைக்குள் வராது.

இதைக் கப்பல்காரரின் வியாபாரத் தந்திரம் என்று மட்டும் எண்ண வேண்டியதில்லை. கப்பல்களில் வயிற்றோட்ட நோய்கள் பரவியதைத் தொடர்ந்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 1970களில் கப்பல்களுக்கென ஒரு சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போய் அமெரிக்காவுக்குத் திரும்பும், 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல்கள் இதற்குள் அடங்கும். பரிசோதகர்கள் முன்னறிவித்தல் இன்றி ஏறி 100 புள்ளிகளுக்கு மதிப்பிடுவார்கள். 86க்குக் குறைந்தால் சித்தியில்லை.

அந்தப் பரிசோதனையில் ஒவ்வோர் உணவும் எங்கிருந்து வந்தது, எந்த வெப்பநிலையில் இருந்தது என்பது பார்க்கப்படும். குளிர் உணவு 5 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, சூடான உணவு 57 பாகை அல்லது அதற்கு மேலே இருக்க வேண்டும். ரொறன்ரோவில் ஒரு வீட்டுச் சமையலறையில் ஐசிங் போட்ட கேக், விமானத்தில் வந்து, ஹோட்டல் அறையில் ஓரிரவு இருந்து கப்பலை அடையும்போது, அதன் வரலாற்றைக் காட்டும் பதிவு எதுவும் அதனிடம் இருக்காது. நோரோ வைரஸ் போன்ற கிருமி ஆயிரக்கணக்கானோர் அடைந்திருக்கும் கப்பலில் நுழைந்தால் மிக வேகமாகப் பரவும். எனவேதான் கண்டிப்பு.

அப்படியானால் எந்தக் கேக்கை வெட்டுவது?

கப்பலிலேயே கேக் செய்யும் பிரிவு இருக்கிறது. கல்யாணத்துக்கென ஒழுங்கு செய்யும்போது கேக்கும் பொதுவாக அந்தப் பொதிக் கட்டணத்துக்குள் வரும். பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே இவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்:

• முட்டையில்லாத கேக் கிடைக்குமா? சைவ உணவுக்காரர் இருந்தால் ஜெலட்டின் சேர்க்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும்.
• கேக்கில் மதுவகை சேர்க்கப்படுமா?
• எத்தனை தட்டு, எத்தனை பேருக்குப் போதுமானது, மேலதிகத் தட்டுக்கு எவ்வளவு?
• கேக்கின் மேல் வைக்கும் பொம்மை, அலங்காரம் ஆகியவற்றை நாங்கள் கொண்டுவரலாமா?

கடைசிக் கேள்வி எம்மவர்களுக்கு முக்கியமானது. இலங்கைக் கல்யாணங்களில் மேசையில் உயர்ந்து நிற்கும் கேக்கின் பெரும்பகுதி றெஜிபோமில் செய்த கூடுதான். மணமக்கள் வெட்டுவதற்கு ஒரு தட்டு மட்டும் உண்மையான கேக்காக இருக்கும். விருந்தினருக்குக் கொடுப்பது, முன்கூட்டியே செய்து, துண்டு துண்டாக வெட்டி, தாளில் சுற்றிச் சிறு பெட்டியில் வைத்த றிச் கேக். ரவை, பட்டர், முட்டை, கஜு, பிளம்ஸ், பாகில் ஊறிய நீற்றுப்பூசணி, இஞ்சி, பிறண்டி எல்லாம் சேர்ந்த கேக் அது. அதாவது வெட்டும் கேக்கும் கொடுக்கும் கேக்கும் எமது வழக்கத்தில் முன்பே பிரிந்துதான் இருக்கின்றன. கப்பல் கல்யாணத்துக்கு இது பெரிய வசதி. வெட்டுவதைக் கப்பலில் செய்விக்கலாம். கொடுப்பதற்கு வேறு வழி உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

ஒரு சிறு எச்சரிக்கை. கேக்கில் மெழுகுதிரி ஏற்றுவதும், குத்துவிளக்கு, கற்பூரம் கொளுத்துவதும் கப்பலில் தடை. தீ என்பது நடுக்கடலில் மிகப் பெரிய ஆபத்து. மின்கலத்தில் எரியும் விளக்குகளைப் பாவிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

குடிவகைகளை ஏற்றும் விதிகள்

பெரிய நிறுவனங்களின் பொது விதி இதுதான்: விஸ்கி, பிறண்டி, சாராயம், பியர் எதையும் ஏற்ற முடியாது. வைன் அல்லது சம்பேன் மட்டும் அளவோடு ஏற்றலாம்.

• கார்னிவல்: 21 வயதான ஒருவர் 750 மில்லி லீற்றர் கொண்ட ஒரு வைன் அல்லது சம்பேன் போத்தல், பயணம் தொடங்கும் நாளில் மட்டும், கைப்பொதியில்.
• ரோயல் கரீபியன்: குடிக்கும் வயதை அடைந்த ஒருவருக்கு 750 மில்லி லீற்றர் போத்தல் ஒன்று, ஏறும் நாளில்.
• பிரின்சஸ்: ஒருவருக்கு ஒரு போத்தல் கட்டணமின்றி. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கட்டணம்.
• நோர்வீஜியன்: வைன் போத்தல்களுக்கு எண்ணிக்கை வரம்பில்லை. ஒவ்வொன்றுக்கும் திறப்புக் கட்டணம் அறவிடப்படும்.

அறையில் குடிக்காமல் உணவு மண்டபத்தில் திறந்தால் மற்றைய நிறுவனங்களும் திறப்புக் கட்டணம் கேட்கும். இருபது பேர் ஆளுக்கொரு போத்தல் கொண்டுபோனால் வரவேற்பில் வாழ்த்துச் சொல்லிக் குடிக்க இருபது போத்தல் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போடுபவர்கள், இருபது திறப்புக் கட்டணத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பல வேளைகளில் கப்பலில் வாங்குவதே மலிவாக முடியும்.

வயது விடயத்திலும் கவனம் தேவை. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல்களில் பொதுவாக 21 வயது கேட்பார்கள். பிரித்தானியாவில் 18 வயதிலேயே குடிக்க உரிமை பெற்ற ஒருவருக்கு மியாமியில் ஏறிய கப்பலில் அந்த உரிமை இல்லை. மணமகளுக்கு 20 வயதென்றால் அவரது கையில் சம்பேன் கிண்ணம் கொடுக்கப்பட மாட்டாது.

குளிர்பானத்துக்கும் வரம்பு உண்டு. கார்னிவல் கப்பல்களில் ஒருவர் 12 ரின்கள் வரை, ஒவ்வொன்றும் 12 அவுன்ஸுக்கு மேற்படாமல், கைப்பொதியில் கொண்டுபோகலாம். 2015 முதல் போத்தலில் அடைத்த தண்ணீரும் சோடாவும் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. போத்தலில் மதுவை ஊற்றி மறுபடி மூடிக் கொண்டுவருவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. பொதிகள் எல்லாம் ஊடுகதிர்ச் சோதனைக்குப் போகும். ஷம்பூப் போத்தலில் விஸ்கியை ஒளிக்கும் வித்தை அதிகாரிகளுக்குப் புதிதல்ல. பிடிபட்டால் போத்தல் திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.

இடையில் இறங்கும் துறைமுகங்களில் வாங்கும் போத்தல்களையும், கப்பலின் வரியில்லாக் கடையில் வாங்குபவற்றையும் ஊழியர்கள் பெற்று வைத்துக்கொண்டு, கடைசி நாளில்தான் கையில் தருவார்கள். எனவே அவற்றை விருந்துக்கென்று நம்ப வேண்டாம்.

கப்பல் புறப்படும் முன் நடக்கும் விருந்து

சில நிறுவனங்கள், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே கல்யாண விருந்தை நடத்த இடம் தருகின்றன. பயணம் செய்யாத உறவினரும் ஏறி, சாப்பிட்டு, கப்பல் புறப்படும் முன் இறங்கிவிடலாம். அவர்களின் பெயர், அடையாள ஆவண விபரங்களை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அகதிப் பயண ஆவணத்தில் வருபவர் எவராவது இருந்தால், அந்த ஆவணம் ஏற்கப்படுமா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். இந்த விருந்தினரும் உணவோ குடிவகையோ கொண்டு ஏற முடியாது. மேசையில் இருப்பதைப் பொதி கட்டிக்கொண்டு இறங்குவதற்கும் பொதுவாக இடமில்லை.

இறக்கும்போது

இறங்கும் நேரத்தில் கப்பலின் விதி முடிந்து நாட்டின் விதி தொடங்குகிறது. கேக் இங்கே ஓரளவு அதிர்ஷ்டசாலி. இறைச்சி கலக்காத கேக், பிஸ்கட் வகைகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் தடையில்லை. கனடா ஒருவருக்கு 20 கிலோ வரை விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் வெளியிலிருந்து வரும் பால், இறைச்சிப் பொருட்களைத் தடுத்தாலும், இறைச்சி நிரப்பாத கேக், பாண், பிஸ்கட்டுக்கு விலக்களிக்கிறது. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் உணவு எதுவானாலும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் ஆகக்கூடியது பறித்து வைப்பார்கள். மறைத்தால் தண்டம்.

சிக்கல் கேக்கோடு சேர்ந்து வருபவற்றில்தான். கேக்கின் மேல் வைத்த புதுப்பூ, மணமாலை, தாம்பூலத் தட்டிலிருந்த பழம், மிஞ்சிய மட்டன் ரோல்ஸ் ஆகியவற்றைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். கறிவேப்பிலையை அமெரிக்கா உள்ளே விடுவதேயில்லை. எலுமிச்சை, தோடை இன மரங்களைத் தாக்கும் நோயை அது கொண்டுவரக்கூடும் என்பது காரணம்.

குடிவகைக்கு வரியில்லா அளவுகள் இவை:

• அமெரிக்கா: 21 வயதானவருக்கு பொதுவாக 1 லீற்றர்.
• கனடா: 48 மணிநேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு வைன் 1.5 லீற்றர், அல்லது விஸ்கி போன்றவை 1.14 லீற்றர், அல்லது பியர் 8.5 லீற்றர். மூன்றில் ஒன்று மட்டும்.
• பிரித்தானியா: கடும் மதுவகை 4 லீற்றர், சாதாரண வைன் 18 லீற்றர், பியர் 42 லீற்றர்.

இதற்கு மேல் இருந்தால் அறிவித்து வரி செலுத்த வேண்டும். ரெக்சாஸின் கல்வெஸ்ரன் துறைமுகத்தில் இறங்குபவர்களிடம் அந்த மாநிலம் தனியாகவும் மதுவரி அறவிடுகிறது. அங்கிருந்து விமானம் ஏறுபவர்கள் போத்தல்களைப் பெரிய பொதியில் வைக்க வேண்டும். 24 முதல் 70 வீதம் வரை மதுசாரம் கொண்டவை, கடையில் மூடியபடி, ஆளுக்கு 5 லீற்றர் வரை போகலாம். 70 வீதத்தைத் தாண்டியது விமானத்தில் ஏறாது. கேக்கைக் கைப்பொதியிலேயே கொண்டுபோகலாம்.

வராதவர்களுக்கான துண்டு

கரீபியன் கப்பலில் ஏற இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அமெரிக்க விசா வேண்டும். கப்பல் வெளிநாடு போய்த் திரும்புவதால் பலமுறை நுழையும் விசாவாகவும் இருக்க வேண்டும். கரவெட்டி அம்மம்மாவுக்கு அது கிடைப்பது அருமை. அவர் கல்யாணத்தைப் பார்ப்பது கைத்தொலைபேசித் திரையில். அவருக்கென்று கையில் வருவது அந்தச் சிறிய கேக் பெட்டி மட்டும்தான். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, கூடப் படிப்பித்த ரீச்சருக்கு ஒன்று என்று அவர் பங்கிடுவதும் அதைத்தான்.

அந்தப் பெட்டி கப்பலில் ஏறி இறங்கி, மூன்று சுங்கங்களைக் கடந்து வரவேண்டிய அவசியமே இல்லை. கப்பலில் இருப்பவர்களுக்குக் கப்பல் கேக் போதும். ரொறன்ரோ, பாரிஸ் உறவினருக்கு அங்கங்கே செய்விக்கலாம். ஊரில் உள்ளவர்களுக்கு ஊரிலேயே செய்விப்பது நல்லது. வீட்டிலிருந்து கேக் செய்து விற்றுக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். றிச் கேக் நாள்பட நாள்பட ஊறிச் சுவை கூடும் பண்டம். ஆகவே சில வாரங்கள் முன்பே சொல்லி வைக்கலாம். பெட்டியில் மணமக்களின் பெயரையும் திகதியையும் அச்சிட்டு, கப்பலில் கேக் வெட்டும் அதே நாளில் ஊரிலும் கொடுக்கச் செய்யலாம். செலவு விமானப் பொதிக் கட்டணத்தை விடக் குறைவு. அந்தப் பணமும் ஊரிலேயே நிற்கும்.